நண்பர் வீட்டை ரசித்துவிட்டு நம் வீட்டில் கை வைப்பதற்கு முன்: தோட்டப்புற நகரத்துப் புதுவீட்டுக்காரர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களுக்குத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு கிடைத்த முதல் தீபாவளிக்கு ஒன்பது வீடுகளுக்குப் போய் வந்தோம். ஒரு வீட்டில் மறைவிளக்கு வைத்த பிளாஸ்டர் சீலிங். இன்னொரு வீட்டில் சோபாவுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பூப்போட்ட சுவர்த்தாள். மூன்றாவது வீட்டில் வாசலை முழுதாக மூடிய ஓனிங், அதாவது வெயில்மழைக்கான முன்கூரை. தோட்டத்து லயத்தில் ஓர் அறையும் ஓர் அடுப்படியுமாக வளர்ந்தவள் நான். அந்த வீடுகளைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு தாளை எடுத்து, பார்த்ததையெல்லாம் எழுதினேன்.

அடுத்த எட்டு மாதத்தில் 18,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போனது. சீலிங் தாழ்ந்து, விசிறி தலைக்கு நேராக வந்து நின்றது. அனுமதியில்லாமல் போட்ட ஓனிங்கைக் கழற்றினோம். சுவர்த்தாள் ஆறே மாதத்தில் பூஞ்சை பிடித்தது. நண்பர்கள் வீட்டில் இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. நான்தான் அவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

இப்போது சாவி வாங்கியிருக்கும் உங்களுக்கு அந்தச் செலவும் அலைச்சலும் வேண்டாம். நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. உங்கள் வீட்டைப் போன்ற வீட்டை முதலில் பாருங்கள்

எந்த வீடு அழகு என்று பார்ப்பதற்கு முன், எந்த வீடு நம் வீட்டைப் போன்றது என்று பாருங்கள். வரிசையின் நடு வீடா, ஓரத்துக் கோடி வீடா? வாசல் எந்தத் திசை? கூடத்தின் அகலம் எவ்வளவு? பின்னால் அடுப்படியை நீட்டியிருக்கிறார்களா?

எனக்குப் பிடித்த அந்த இளம்பச்சைக் கூடம் ஒரு கோடி வீட்டினுடையது. பக்கவாட்டில் இரண்டு ஜன்னல், காலையிலிருந்து வெளிச்சம். எங்களுடையது நடு வீடு. முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு கதவு. அதே சாயத்தை அடித்தபோது கூடம் மழைநேரத்து மாலைபோல மங்கிவிட்டது. சாயம் அதேதான். வெளிச்சம்தான் வேறு.

உங்கள் தாமானிலேயே, உங்கள் வரிசையிலேயே, நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் குடிவந்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் வீடு அவ்வளவு பளபளப்பாக இல்லாவிட்டாலும் முதலில் அங்கே போங்கள். சுவர் எங்கே வியர்க்கிறது, எந்த மூலையில் தண்ணீர் ஒழுகுகிறது, கறையான் எந்தப் பக்கமாக ஏறுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

கறையானைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். நம் ஊர்ப்பக்கம் பல தாமான்கள் பழைய ரப்பர்க்காட்டிலும் செம்பனைக்காட்டிலும் எழுந்தவை. மண்ணுக்கடியில் விட்டுப்போன வேரும் கட்டையும் கறையானுக்குத் தீனி. பக்கத்து வீட்டுக்காரர் மரக் கெபினெட்டை எடுத்துவிட்டு அலுமினியத்துக்கு மாறியிருந்தால், ஏன் மாறினார் என்று கேட்காமல் வரவேண்டாம்.

2. தீபாவளியன்று பார்த்ததை நம்பி முடிவெடுக்காதீர்கள்

திறந்த இல்ல உபசரிப்பில் வீடு தன் மிகச்சிறந்த கோலத்தில் இருக்கும். புதுத் திரைச்சீலை, புதுச் சாயம், எல்லா விளக்கும் எரியும். முப்பது பேருக்கு முறுக்கும் கோழிக்கறியும் பரிமாறிக்கொண்டிருக்கும் அக்காவிடம் டைல்ஸ் கணக்கை எப்படிக் கேட்பது? அன்று சாப்பிட்டு, வாழ்த்துச் சொல்லி, "இன்னொரு நாள் வீட்டைப் பார்க்க வரட்டுமாக்கா?" என்று மட்டும் கேட்டு வாருங்கள்.

அந்த இன்னொரு நாள் ஞாயிறு மாலை நான்கு மணிவாக்கில் இருந்தால் நல்லது. பகல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்க்கலாம். பேச்சு நீண்டால் ஏழரைக்கு விளக்குப் போட்டதும் இன்னொரு முறை பார்க்கலாம். சாயத்தின் நிறம் விளக்கைப் பொறுத்து அப்படியே மாறிவிடும். 3000 கெல்வின் விளக்கு மஞ்சளாக எரியும், 6500 கெல்வின் வெள்ளையாக எரியும். வெள்ளை விளக்கு போட்ட என் வீட்டில், நண்பர் வீட்டுச் சந்தன நிறம் சாம்பல் கலந்ததாகத் தெரிந்தது. விளக்குப் பெட்டியில் அந்த எண் அச்சிட்டிருக்கும். கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்யும் நாளில் போக வாய்த்தால் விடாதீர்கள். ஓனிங்கின் சத்தம், சாரல் எவ்வளவு தூரம் உள்ளே அடிக்கிறது, சீலிங்கில் பழுப்பு வட்டம் இருக்கிறதா என்பதெல்லாம் அன்றுதான் தெரியும்.

3. பாராட்டுவதற்கும் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு சீப்பு வாழைப்பழமோ பலகாரமோ போதும். செருப்பை வாசலில் கழற்றுங்கள். மலாய் அண்டைவீட்டாரானாலும் சீன நண்பரானாலும் இதில் வேறுபாடில்லை.

வாயார வாழ்த்துங்கள், ஆனால் அளந்து பேசுங்கள். நம்மவர்களில் பலர் கண்ணேறை நம்புகிறார்கள். புது வீட்டு வாசலில் பூசணிக்காயோ படிகாரமோ கட்டியிருப்பதைப் பார்க்கிறோமே. உள்ளே நுழைந்ததும் "ஐயோ, எவ்வளவு பெரிசு, எவ்வளவு காசு கொட்டியிருக்கீங்க" என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கிவிடும். "நல்லா இருக்குக்கா, கண்ணு படாம இருக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். அவரே கையைப் பிடித்து அடுப்படிவரை கூட்டிப்போய்க் காட்டுவார்.

பாராட்டும்போது ஒரு பொருளைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "வீடு அழகா இருக்கு" என்றால் நன்றி சொல்லிவிட்டுப் பேச்சு நின்றுவிடும். "இந்த ஜன்னல் மேடையை அகலமா வச்சு உட்கார்ற மாதிரி பண்ணியிருக்கீங்களே" என்றால் அதன் பின்னால் இருக்கும் கதை முழுதும் வரும். தான் யோசித்துச் செய்த ஒன்றை இன்னொருவர் கவனித்தார் என்பதே வீட்டுக்காரருக்குப் பெரிய மகிழ்ச்சி. என் தோழியின் வீட்டில் அவள் அப்பாவின் ரப்பர்ப் பால்மரம் வெட்டும் கத்தியைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். ஒன்பது வீடுகளில் நான் பார்த்த மிக அழகான அலங்காரம் அதுதான். செலவு 60 வெள்ளிகூட இல்லை. அதைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் மற்ற எல்லாக் கணக்கையும் மனம்விட்டுச் சொன்னாள்.

விலையை மற்றவர்கள் முன்னால் கேட்காதீர்கள். மாமியார் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஒரு தொகையும் அடுப்படியில் தனியாக ஒரு தொகையும் வரும். இரண்டாவதுதான் உண்மைத் தொகை.

கேட்க வேண்டியவை இவை. இதை எப்போது செய்தீர்கள்? மூன்று மாதச் சீலிங்கும் மூன்று ஆண்டுச் சீலிங்கும் ஒன்றல்ல. காண்ட்ரேக்டர் முதலில் சொன்ன தொகை எவ்வளவு, கடைசியில் கொடுத்தது எவ்வளவு? பழுது என்று கூப்பிட்டால் அவர் இன்றும் போனை எடுக்கிறாரா? அனுமதி வாங்கினீர்களா, எந்தெந்தக் காகிதம் கேட்டார்கள்? கடைசியாக ஒன்று: மறுபடியும் செய்வதென்றால் எதைச் செய்யமாட்டீர்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் நான் அந்த முதல் தீபாவளிக்கே கேட்டிருந்தால் சுவர்த்தாள் செலவு முழுதும் மிச்சம். பூப்போட்ட சுவர்த்தாள் ஒட்டியிருந்த அதே அக்கா, பின்னால் கேட்டபோது, "குளியலறைச் சுவர்ல மட்டும் ஒட்டிடாதம்மா, நாங்க ஒருதடவை ஒட்டிக் கிழிச்சோம்" என்றார். நான் ஒட்டியதே அந்தச் சுவரில்தான்.

படம் எடுக்கும் முன் கேளுங்கள். சாமி மேடையையும் படுக்கையறையையும் அவர்களாகச் சொன்னாலொழிய எடுக்க வேண்டாம். எடுத்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கிரில், பூட்டு, வீட்டு எண் எல்லாம் அதில் தெரியும்.

4. அளவெடுத்த பிறகே ஆசைப்படுங்கள்

ஐந்து மீட்டர் அளவுநாடா ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பரிடம் சொல்லிவிட்டு, பிடித்த பொருளின் அளவை எடுங்கள். வீட்டுக்கு வந்து அதே அளவை ஒட்டுநாடாவால் தரையிலும் சுவரிலும் ஒட்டிப் பாருங்கள். இரண்டு நாள் அப்படியே நடந்து புழங்குங்கள். டிவி கெபினெட் இடிக்கிறதா இல்லையா என்பது காசு கொடுக்காமலே தெரிந்துவிடும்.

சீலிங்கில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். மறைவிளக்கு வைக்கும் பிளாஸ்டர் சீலிங் பழைய மட்டத்திலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் இறங்கும். நம் நாட்டின் 1984 ஆம் ஆண்டு சீரான கட்டட உபவிதிகளின்படி கூடத்துக்கும் படுக்கையறைக்கும் உயரம் 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது. அடுப்படிக்கு 2.25 மீட்டர். 2.5 மீட்டர் என்பது ஏறக்குறைய எட்டடி இரண்டங்குலம். தரையிலிருந்து சீலிங்வரை அளந்து, ஆறு அங்குலத்தைக் கழித்துப் பாருங்கள். விசிறித் தண்டுக்கு ஓரடி போனால் இறக்கை எங்கே சுற்றும் என்றும் பாருங்கள். என் நண்பர் வீட்டுக் கூடம் பத்தடி. எங்களுடையது ஒன்பதுக்கும் கொஞ்சம் குறைவு. இப்போது சுற்று ஓரத்தில் மட்டும் சின்னப் பட்டையாக பிளாஸ்டர் வைத்து, நடுவைப் பழையபடி விட்டிருக்கிறோம். பார்க்க நன்றாகவே இருக்கிறது, செலவும் பாதிதான்.

சாயத்துக்குக் கணக்கு எளிது. 20 அடிக்கு 12 அடிக் கூடம், ஒன்பதடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 576 சதுர அடி, அதாவது சுமார் 53 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு சதுர மீட்டர் வரும். இரண்டு பூச்சுக்குப் பத்து லிட்டர், அதாவது ஐந்து லிட்டர் டின் இரண்டு. கடைக்காரர் நான்கு டின் எடுக்கச் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். புதுச் சிமெண்டுப் பூச்சானால் நான்கு வாரமாவது காயவிட்டுத்தான் சாயம்.

வளையம் வைத்த திரைச்சீலைக்கு ஜன்னல் அகலத்தைப்போல இரண்டு மடங்கு துணி வேண்டும். ஆறடி ஜன்னலுக்குப் பன்னிரண்டடி. மடிப்பு வைத்துத் தைத்தால் இன்னும் கூடும். நண்பர் வீட்டில் திரை செழிப்பாகவும் நம் வீட்டில் தட்டையாகவும் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் துணியின் தரமல்ல, மிச்சம்பிடித்த அந்த அகலம்தான்.

டைல்ஸ் வாங்கினால் பத்து விழுக்காடு கூடுதலாக வாங்குங்கள், எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுதி எண்ணா என்று பாருங்கள். மிஞ்சிய ஒரு பெட்டியைத் தூக்கிப்போடாதீர்கள்.

மேசை, நாற்காலி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ரப்பர் மரச் சாமானை மட்டம் என்று நினைக்காதீர்கள். மருந்தேற்றிப் பதப்படுத்திய ரப்பர் மரம் நன்றாக உழைக்கும். பதப்படுத்தாதது பூஞ்சையும் வண்டும் பிடிக்கும். கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் சாப்பாட்டு மேசை ரப்பர் மரம்தான். அம்மா அதில் கைவைத்துத் தடவிப் பார்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

5. எதற்குக் காகிதம் வேண்டும், எதற்கு வேண்டாம்

சாயம், திரைச்சீலை, தளவாடம், படம் மாட்டுவது போன்றவற்றுக்கு அனுமதி தேவையில்லை. சுவரை உடைப்பது, அடுப்படியைப் பின்னால் நீட்டுவது, முன்னால் ஓனிங் போடுவது, மதிலை உயர்த்துவது போன்ற வேலைகளுக்கு முதலில் நகராண்மைக் கழகத்தையோ மாவட்ட மன்றத்தையோ கேட்டுவிட வேண்டும். 1974 ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70 ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது.

"எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க, பெர்மிட்டெல்லாம் வேண்டாம்" என்று எங்கள் ஓனிங்காரர் சொன்னார். வரிசையில் ஏழு வீட்டில் ஓனிங் இருந்ததால் நம்பிவிட்டோம். கடிதம் வந்தபோது அவர் போனை எடுக்கவில்லை. கழற்றும் கூலியும் எங்கள் தலையில். அபராதமோ உத்தரவோ வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும் என்பதை மறக்காதீர்கள்.

பொதுவாகக் கேட்பவை: அடையாள அட்டை நகல், வீடு வாங்கிய ஒப்பந்தத்தின் அல்லது கிரானின் (நிலப்பட்டாவின்) நகல், கடைசியாகக் கட்டிய வீட்டு மதிப்பீட்டு வரி ரசீது, செய்யப்போகும் வேலையின் வரைபடம், வீட்டின் முன்பின் படங்கள். பொதுச்சுவரைத் தொடும் வேலையானால் பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதமும் கேட்கலாம். தூணையோ பீமையோ தொடும் வேலைக்குப் பொறியாளரின் வரைபடம் வேண்டும். கட்டணமும் விண்ணப்பப் பாரமும் ஊருக்கு ஊர் மாறும். முதல் நாள் வெறுமனே போய்ப் பட்டியலை மட்டும் வாங்கி வாருங்கள், இரண்டாவது நாள் எல்லாவற்றோடும் போங்கள். எல்லாவற்றிலும் இரண்டு நகல்.

மதிப்பீட்டு வரி பிப்ரவரிக் கடைசிக்குள்ளும் ஆகஸ்டுக் கடைசிக்குள்ளும் கட்ட வேண்டியது. பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் விண்ணப்பம் நகராது. வைப்புத்தொகை வாங்கினால் அந்த ரசீதைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். வேலை முடிந்து பார்வையிட்ட பிறகு பணத்தைத் திரும்பக் கேட்க அது வேண்டும்.

மேம்பாட்டாளரிடமிருந்து புதிதாக வாங்கிய வீடா? சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதம், வீட்டின் குறைகளை அவர்கள் செலவில் சரிசெய்யும் பொறுப்பு அவர்களுடையது. விரிசல், ஒழுகல், சாய்ந்த கதவு என எல்லாவற்றையும் படமெடுத்து எழுத்துமூலம் கொடுத்து, சரிசெய்து வாங்கிய பிறகே அலங்கார வேலையைத் தொடங்குங்கள். நீங்கள் டைல்ஸ் ஒட்டி மூடிய சுவரில் பிறகு விரிசல் கண்டால், நீங்கள் கை வைத்ததால்தான் என்று சொல்ல அவர்களுக்கு வழியாகிவிடும்.

6. ஆளும் பணமும்

நண்பர் சொன்ன ஆளானாலும் மூன்று பேரிடம் விலை கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். அதில் அளவு, பொருளின் வகை, முடிக்கும் தேதி, குப்பையை யார் அள்ளுவது என்பது வரை இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த தாளில் "சீலிங், விளக்கு, மொத்தம் 5,800" என்று ஒரே வரி. விளக்குக்கு ஒயர் இழுப்பது தனிக் காசு என்று பாதி வேலையில் சொன்னார்கள். குப்பை அள்ளும் ரோரோ தொட்டி வாடகையும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. அடுப்படிக் கெபினெட்டுக்கு அடிக்கணக்கில் விலை சொல்வார்கள். மேல் கெபினெட், கீழ் கெபினெட், மேற்கல் மூன்றும் தனித்தனியா, சேர்த்தா என்று கேளுங்கள்.

கட்டுமான வேலைக்கு வருபவர் சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவுள்ளவரா என்று பாருங்கள். முன்பணமாகப் பாதிக்கு மேல் கேட்டால் விட்டுவிடுங்கள். நான் இப்போது முப்பது விழுக்காடு முன்னே, பொருள் வந்திறங்கியதும் முப்பது, முடிந்ததும் முப்பது, ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கடைசிப் பத்து என்று கொடுக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்தாலும் கையெழுத்து வாங்குங்கள். வங்கி வழியாக அனுப்புவது இன்னும் நல்லது.

ஊழியர் சேமநிதியை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் கவனியுங்கள். வீடு வாங்கவும் கடனைக் குறைக்கவும் சேமநிதியின் செஜாத்தெரா கணக்கிலிருந்து எடுக்கலாம். சீலிங்குக்கும் சோபாவுக்கும் அந்த வழியில்லை. 2024 மே மாதம் வந்த ஃப்ளெக்சிபல் கணக்கிலிருந்து எதற்கும் எடுக்கலாம். ஆனால் அதில் சேர்வது மாதச் சந்தாவில் பத்து விழுக்காடுதான்.

பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளிவரை கோரலாம். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். விலைத் தாளும் ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் அங்கே உங்கள் ஆதாரம்.

7. மின்சாரத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்

ஒயரிங் வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ள ஒயர்மேன் வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். நல்லவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லியாம்பியர் கசிவு மின்தடுப்பான் தனியாக இருக்க வேண்டும். இணையத்தில் மலிவாக வரும் விளக்குச் சரத்தில் சிரிம் (தரச்சான்று) முத்திரை இல்லையென்றால், நண்பர் வீட்டில் எவ்வளவு அழகாக எரிந்தாலும் வாங்காதீர்கள்.

8. நாட்கணக்கு

2026 இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அக்டோபரிலும் நவம்பரிலும் நம் மேற்குக் கரையில் மாலை மழை அதிகம், வெளிச்சாயம் காயாது. ஆகவே வெளிச்சாயத்தை ஜூலை, ஆகஸ்டில் முடித்துவிடுங்கள். திரைச்சீலை தைப்பவர்கள் பண்டிகை நெருங்கினால் புதிதாக வாங்க மாட்டார்கள். நோன்புப் பெருநாளுக்கு முன்னாலும் இதே நிலைதான், ஏனென்றால் பல மலாய்க் குடும்பங்கள் அப்போது புதுத் திரை போடுவார்கள். தீபாவளிக்கு வேண்டியதை ஆகஸ்டுக்குள் கொடுத்துவிடுங்கள். உள்வேலை செப்டம்பரில் முடிந்தால் குறை தெரிந்து சரிசெய்ய ஒரு மாதம் கிடைக்கும். அனுமதிக்கு இரண்டு மாதம் ஒதுக்கி, மே மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.

நண்பர்கள் வீட்டைப் பார்த்து வருவதை மார்ச், ஏப்ரலில் வைத்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிறுக்கு ஒரு வீடு, அதற்கு மேல் வேண்டாம். இரண்டு வீட்டுக்குப் போனால் இரண்டாவது வீட்டில் "பசியாறிட்டுத்தான் போகணும்" என்பார்கள், அளவுநாடாவை எடுக்கவே நேரமிருக்காது.

விலைத் தாள், ரசீது, அனுமதிக் கடிதம், சாயத்தின் எண், டைல்ஸ் தொகுதி எண் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். எங்களுடையது டிவிக்குக் கீழே இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்த புதுத் தம்பதி சீலிங் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கோப்பை அவர்கள் கையில் கொடுத்து, ஓனிங் கதையிலிருந்து ஆரம்பித்தேன்.